மூன்றை இரண்டாக்கி நிறுத்துதல்

கறுத்தக்கொழும்பான் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறவர்கள் மாம்பழத்தை முதலில் மூக்கருகே கொண்டுபோவார்கள். தோல் பழுத்த நிறத்தில் இருந்தும் காம்படியில் மணமில்லை என்றால், "இது மருந்து வைச்ச பழம்" என்று சொல்லிக் கூடைக்குள் திருப்பி வைத்துவிடுவார்கள். மருந்து என்பது கல்சியம் காபைட்டு. கடதாசியில் பொதிந்த இரண்டு மூன்று கல்லைப் பெட்டிக்குள் வைத்தால் காயிலிருந்து வரும் ஈரமே அதற்குப் போதும். அசற்றலீன் வாயு எழும்பும், அடியில் வெள்ளைச் சாம்பலாக நீறிய சுண்ணாம்பு மிஞ்சும். கூடவே வரும் உள்ளி மணம் அசற்றலீனுடையதில்லை, கல்லில் கலந்திருக்கும் பொசுபரசு அழுக்கிலிருந்து வருவது. அந்த அழுக்கில் ஆசனிக்கும் இருக்கலாம் என்பதால்தான் இலங்கையிலும் இந்தியாவிலும் இதற்குத் தடை.

நீர்வேலிப் பக்கம் வாழைக்குலைக்குப் புகை போடுவது பழைய வழக்கம். குழிக்குள் குலையை அடுக்கி, மூடி, ஒரு பக்கத்தால் புகையை உள்ளே ஊதிவிடுவார்கள். பழுக்க வைப்பது சூடு மட்டும் இல்லை. புகைக்குள் சிறிதளவு எதிலீன் இருக்கிறது. பழம் தானாகப் பழுக்கும்போது தனக்குள் உண்டாக்கிக்கொள்வதும் அதே எதிலீனைத்தான். அசற்றலீன் அந்த எதிலீனைப்போல வேடம் போடுகிற ஒன்று. வேடம் அவ்வளவு பொருந்தாது. அதனால்தான் பல மடங்கு வேண்டியிருக்கிறது, நிறம் வந்தும் மணம் வராமல் போகிறது.

இரண்டு வாயுவுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் இரண்டு ஐதரசன் அணு. அசற்றலீனில் இரு காபன் அணுக்கள் மும்மைப் பிணைப்பால் கட்டுண்டிருக்கின்றன, அது அற்கைன். இரண்டு ஐதரசனைக் கொடுத்தால் பிணைப்பு இரட்டையாகி எதிலீன் வரும்; அது அற்கீன். இன்னும் இரண்டைக் கொடுத்தால் ஒற்றையாகி எதேன் வரும். எதேனை எரிக்கலாம், அல்லது சுட்டு உடைத்துத் திரும்ப எதிலீனாக்கலாம், அதற்குமேல் பெரிய உபயோகமில்லை. இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: மூன்றிலிருந்து ஒன்றுக்குப் போவது சுலபமாயிருக்க, இரண்டில் நிறுத்துவது ஏன் இத்தனை கடினம்? நூறாண்டுக்கு மேலாக உலகம் அதற்கு என்ன செய்து பார்த்திருக்கிறது?

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்த எவருக்கும் ஒரு விடை மனப்பாடம். பல்லேடியம், பேரியம் சல்பேற்று, குயினொலின். ரியூசன் கொட்டிலில் கரும்பலகையில் அம்புக்குறிக்கு மேல் இந்த மூன்றையும் எழுதிவிட்டால் புள்ளி கிடைத்துவிடும். விடை சரி. ஆனால் பாதி விடை. தாக்கம் நடக்கும் கலனைப் பற்றி அம்புக்குறி ஒன்றும் சொல்வதில்லை. என் எண்ணத்தில் மற்றப் பாதி அந்தக் கலனுக்குள்தான் இருக்கிறது.

கதை 1890களில் தொடங்குகிறது. 1896இல் பாரிசில் அன்றி மொய்சானும் சார்ல் மொரேயும் அசற்றலீனை நிக்கல் தூளின் மேல் செலுத்திப் பார்த்தார்கள். உலோகம் செந்தழலாகக் கனன்றது, கரி படிந்தது. அதற்குமேல் அவர்கள் தேடவில்லை. துலூசிலிருந்த போல் சபாத்தியே அடுத்த ஆண்டே செந்தெரென்ஸ் என்ற பாதிரியாருடன் சேர்ந்து எதிலீனையும் ஐதரசனையும் நிக்கல் மேல் செலுத்தி எதேனைப் பெற்றார். உலோகம் ஊக்கியாக நின்று, தான் செலவழியாமல் ஐதரசனைக் கைமாற்றிக் கொடுக்கும் என்பது அங்கே தெளிவாயிற்று. 1912இல் அவருக்கு நொபெல் பரிசு. சமையலறை மாஜரின் முதல் தமிழ்நாட்டுக் கடைகளின் வனஸ்பதி வரை அந்தத் துலூஸ் ஆய்வுகூடத்தின் வழிவந்தவை.

ஆனால் நிக்கலுக்கு நிறுத்தத் தெரியாது. 1952இல் பேசலில், ஹொஃப்மன் லா றோஷ் கம்பனியில் இருந்த ஹேர்பேட் லிண்ட்லார் பல்லேடியத்தைக் கல்சியம் காபனேற்றின் மேல் படியவிட்டு, ஈயத்தால் அதை அரைகுறையாக நஞ்சூட்டி, குயினொலினும் சேர்த்தார். கல்சியம் காபனேற்று என்றால் நம் குடாநாடு உட்கார்ந்திருக்கும் அதே சுண்ணக்கல்தான். பாடப்புத்தகத்தின் பேரியம் சல்பேற்று அந்த ஊக்கியின் இன்னொரு வடிவம். உடம்பு சரியில்லாத ஊக்கி அளவாக வேலை செய்தது. அதைத் தேடச் சொன்னது விற்றமின் ஏ உற்பத்தி. தாய்சேய் கிளினிக்கில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விற்றமின் ஏயும், பால்மாவில் சேர்க்கும் விற்றமினும் இந்த இரசாயனத்தின் தொடர்ச்சி. வெட்டிய பசும்புல்லின் மணத்தைத் தொழிற்சாலையில் செய்வதற்கும் ஓர் அற்கைனை இதேபோலப் பாதியில் நிறுத்துகிறார்கள்.

ஏன் நிற்கிறது என்பதற்கு வெகுகாலம் ஒரே விளக்கம். பல்லேடியத்தின் மேற்பரப்பில் இருக்கைகள் குறைவு. அசற்றலீன் அதில் எதிலீனைவிட இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் சீற் பிடித்தவர் இறங்கும்வரை நின்றுகொண்டு வருபவருக்கு இடமில்லை. அசற்றலீன் இருக்கும்வரை எதிலீனுக்கு இரண்டாவது சுற்று ஐதரசன் கிடைக்காது. 2008இல் பெர்லினின் ஃபிரிட்ஸ் ஹாபர் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட ஒரு குழு இன்னொன்றையும் காட்டியது. தாக்கம் நடக்கும்போது பல்லேடியம் அசற்றலீனிலிருந்து கொஞ்சம் காபனைத் தன் தோலுக்கடியில் வாங்கி வைத்துக்கொள்கிறது. அந்தக் காபன் உள்ளே பதுங்கியிருக்கும் ஐதரசனை மேலே வரவிடாமல் தடுக்கிறது. தடுத்தால் எதிலீன், தடுக்காவிட்டால் எதேன். ஊக்கியை வாங்கியபடியே போடுவதில்லை, அது வேலைக்குள்ளேயே தன்னை ஆக்கிக்கொள்கிறது என்பது அந்த ஆய்விலிருந்து எனக்குப் பிடித்த பாடம்.

இந்த இருக்கைக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. அசற்றலீன் தீர்ந்துபோகும் கணத்தில் இருக்கைகள் காலியாகும், எதிலீன் ஏறிக்கொள்ளும். அப்போது பிடித்து நிறுத்தவேண்டும். பெரிய ஆலை ஒன்றில் யார் எங்கே நின்று பிடிப்பது?

பெரிய ஆலை என்றால் எதிலீன் ஆலை. சந்தையில் தக்காளியைப் போட்டுத் தரும் சொப்பிங் பை பொலித்தீன், பொலித்தீன் எதிலீனிலிருந்து வருவது. இலங்கையில் எதிலீன் ஆலை கிடையாது. 1969இல் தொடங்கிய சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் எரிபொருளோடு நின்றுவிடுகிறது. பொலித்தீன் மணிகள் கப்பலில் வந்திறங்குகின்றன. உலகம் ஆண்டுக்கு 15 கோடித் தொன்னுக்கு மேல் எதிலீன் செய்கிறது. நாப்தாவையோ எதேனையோ 800 செல்சியசுக்கு மேல் சுட்டு உடைக்கும்போது எதிலீனோடு அரை முதல் இரண்டு விழுக்காடு அசற்றலீனும் வரும். பொலித்தீன் ஊக்கிக்கு அது நஞ்சு. பத்து இலட்சத்தில் ஒரு சில பங்குக்குக் கீழே கொண்டுவந்தாக வேண்டும். நூறு எதிலீனுக்கு நடுவில் நிற்கும் ஒரு அசற்றலீனைத் தேடிப் பிடித்து ஐதரசன் கொடுக்கவேண்டும், சுற்றி நிற்கும் நூறையும் தொடக்கூடாது. பிரித்தெடுப்பதைவிட இது மலிவு என்பதால் ஏறக்குறைய எல்லாரும் இப்படியே செய்கிறார்கள். குஜராத் முதல் மேற்கு வங்கத்து ஹல்டியா வரை உள்ள இந்திய ஆலைகளும் அப்படித்தான். இன்று பல்லேடியத்தோடு வெள்ளி கலப்பார்கள்.

இனி சூட்டுக் கணக்கு. ஒரு மோல் அசற்றலீன் எதிலீனாகும்போது சுமார் 174 கிலோயூல் வெப்பம் வெளியேறும். எதிலீன் எதேனானால் இன்னும் 137. ஓடும் வாயுவில் ஒரு விழுக்காடு அசற்றலீன் தாக்கமடைந்தாலே, வெப்பத்தை வெளியே எடுக்காவிட்டால், வாயு 30 முதல் 40 பாகை வரை சூடேறும். சூடேறினால் ஊக்கி வேகமெடுக்கும், வேகமெடுத்தால் எதிலீனையும் தொடும், தொட்டால் இன்னும் சூடு. எதிலீனோ கணக்கில்லாமல் இருக்கிறது. ஆலைக்காரர்கள் பயப்படும் ஓட்டம் இது. அதனால் ஊக்கிப் படுக்கையை இரண்டு மூன்றாகப் பிரித்து இடையிடையே குளிரவிடுகிறார்கள், ஐதரசனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகுத்துகிறார்கள். இதற்கிடையில் அசற்றலீன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு பசிய எண்ணெயாகி ஊக்கியின் துளைகளை அடைக்கும். ஆலைகளில் அதற்குப் பெயரே "கிரீன் ஒயில்".

மருந்து, வாசனை, விற்றமின் செய்யும் சிறிய ஆலைகளின் பாடு வேறு. அங்கே வாயு இல்லை, திரவம். பெரிய உருளையில் திரவத்தை ஊற்றி, லிண்ட்லார் தூளைப் போட்டு, ஐதரசனை அழுத்தி, துடுப்புப் போட்டுக் கலக்குவார்கள். முடிந்ததும் தூளை வடிகட்டி எடுக்கவேண்டும். ஈயம் கலந்த அந்தத் தூளை எங்கே கொட்டுவது என்பது தனித் தலைவலி. எப்போது நிறுத்துவது என்பது அனுபவப்பட்ட இயக்குநரின் கையில்.

இந்தியாவில் இந்தப் பக்கம் கைவைத்தது புனேயின் தேசிய இரசாயன ஆய்வகம். தாக்கப் பொறியியலில் அந்த ஆய்வகத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர் 1978 முதல் 1989 வரை அதன் பணிப்பாளராக இருந்த எல். கே. துரைசாமி. அங்கே சௌதரி, ரோடே முதலானோர் எடுத்துக்கொண்ட அற்கைன் பியூற்றைன்டையோல். அசற்றலீனும் போமல்டிகைட்டும் சேர்ந்து பிறப்பது. அதைப் பாதியில் நிறுத்தினால் பியூற்றீன்டையோல் வரும். அது விற்றமின் பி6 செய்ய உதவும். எண்டோசல்பான் செய்வதற்கும் அதுவே மூலப்பொருள். எண்டோசல்பானை இலங்கை 1998இல் தடைசெய்தது. பலர் அதைக் குடித்துச் செத்ததுதான் காரணம். கேரளத்துக் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் அது செய்த கேடு உலகறிந்தது. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் நிறுத்தியது, அதே ஆண்டு ஸ்ரொக்கோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் அது சேர்ந்தது. ஒரே இடைப்பொருள், ஒரு பக்கம் விற்றமின், மறுபக்கம் நஞ்சு. பாதியில் நிறுத்துவதில் கெட்டிக்காரத்தனம் வந்தால் இரண்டும்தான் மலியும். இந்த உறுத்தலை ஆய்வுக் கட்டுரைகளில் நான் பெரிதாகக் கண்டதில்லை.

இனிக் கலன். இங்கே கொஞ்சம் தங்கவேண்டியிருக்கிறது.

ஊக்கியை மணியாக்கிக் குழாய்க்குள் கொட்டினால் அது மூட்டையில் கொட்டிய கடலைபோலக் கிடக்கும். வாயுவோ திரவமோ இடைவெளி கண்ட பக்கம் ஓடும். ஒரு துளி விரைந்து வெளியே வந்துவிடும், இன்னொன்று மூலையில் மாட்டிக்கொண்டு தேவைக்கு மிஞ்சி நிற்கும். மிஞ்சி நின்றது எதேனாகும். விரைந்து வந்தது அசற்றலீனாகவே வெளியேறும். மணிக்குள்ளும் அதே தொல்லை. சில மில்லிமீற்றர் பருமனான மணியின் உள்ளாழத்தில் பிறந்த எதிலீன் வெளியே வர நீண்ட துளை வழியே நடக்கவேண்டும். வழியெல்லாம் பல்லேடியம், அங்கே அசற்றலீன் தீர்ந்து இருக்கைகள் காலி. அதனால்தான் முட்டை ஓடுபோல மணியின் மேற்பரப்பில் மட்டும் பல்லேடியத்தைப் பூசுவது வழக்கமாயிற்று. ஓடு மட்டும் போதுமென்றால் மணி எதற்கு என்ற கேள்வி அதிலிருந்தே எழும்.

விடை தேன்கூடு. கோடியரைட்டு என்ற பீங்கானை நேரான நுண்குழாய்கள் நிறைந்த பாளமாக வார்த்து, குழாய்ச் சுவரில் மயிரிழை தடிப்புக்கும் குறைவாக ஊக்கியைப் பூசுவது. சாதாரணமாக ஒரு சதுர சென்ரிமீற்றரில் அறுபதுக்கு மேல் குழாய்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். ஊரில் ஓடும் பிரியஸ், அக்குவா கார்களின் அடியில் புகையைச் சுத்தமாக்கும் பெட்டியைக் கழற்றிப் பார்த்த கராஜ்காரருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. எங்கள் பழைய ஒஸ்ரின்களில் அப்படி ஒன்று இருந்ததில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய அந்தக் கார்களில் இருந்திருந்தாலும் ஒரு கிழமை தாங்கியிராது.

காருக்குள் வாயு மட்டும் ஓடுகிறது. திரவத்தையும் ஐதரசனையும் சேர்த்து அந்த நுண்குழாய்க்குள் விட்டால் ஓர் அழகு நடக்கிறது. குமிழி, திரவத்துண்டு, குமிழி, திரவத்துண்டு என்று கோர்த்த மணிமாலைபோல ஒன்றன்பின் ஒன்றாக நகரும். ரெயிலர் ஓட்டம் என்று பெயர். குமிழிக்கும் சுவருக்கும் நடுவில் மெல்லிய திரவப் படலம் மட்டும் இருப்பதால் ஐதரசன் ஊக்கியைச் சட்டென்று சேரும். ஒவ்வொரு திரவத்துண்டும் தனக்குள்ளேயே சுழன்று கலங்கும், ஆனால் முன்னால் போனதோடும் பின்னால் வருவதோடும் அவ்வளவாகக் கலக்காது. உள்ளே போன எல்லாத் துளிக்கும் ஏறக்குறைய ஒரே தங்கல் நேரம். பாதியில் நிறுத்த இதைவிட வேறென்ன வேண்டும்? குழாயின் நீளமே நிறுத்தும் இடம்.

இந்த வழியைச் சுவீடனின் சாமர்ஸ் பல்கலைக்கழகத்தார் முதலில் அழுத்தமாகப் பிடித்தார்கள். 1995இல் எட்வின்சனும் இரான்டூஸ்ற்றும் திரவம் ஓடும் தேன்கூட்டில் அசற்றலீனை எதிலீனாக்கிப் பார்த்ததை வெளியிட்டார்கள். சுவீடனிலேயே ஐதரசன் பரவொட்சைட்டு செய்யும் ஐதரசனேற்றப் படிக்குத் தேன்கூடு தொழிற்சாலைக்குள்ளேயே நுழைந்தது. ஒல்லாந்தின் டெல்ஃப்ற் நகரில் யாக்கோப் மௌலைன் இதை ஒரு துறையாகவே வளர்த்தார். சிபுல்ஸ்கியோடு சேர்ந்து அவர் தொகுத்த பெரும் நூல் 1998இல் வந்தது. இன்றும் ஆரம்பிப்பவருக்கு அதுதான் வாசல்.

பிறகு வடிவங்கள் பெருகின. லொசானில் கிவி-மின்ஸ்கரும் ரெங்கனும் உலோக நூலிழைகளைப் பாய்போல இறுக்கி, நாக ஒட்சைட்டுப் பூசி, அதன்மேல் பல்லேடியம் வைத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது விற்றமினுக்கும் வாசனைக்கும் போகும் மெதைல்பியூற்றைனோல் என்ற அற்கைன். 95 விழுக்காட்டுக்கு மேல் அற்கீனில் நின்றது. ஈயமில்லாமல் நின்றது என்பதுதான் இதில் பெரிய செய்தி: நாகத்தோடு பல்லேடியம் கலப்புலோகமாகி ஈயத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. ஐண்ட்ஹோவனில் கால் மில்லிமீற்றர் கண்ணாடிக் குழலின் உட்சுவரில் பூசிப் பார்த்தார்கள். சூரிச்சில் ஃபொன் ரோர் குழு லேசரால் உலோகத் தூளை உருக்கித் தாங்கள் வரைந்தபடியே துளை அமைப்பை அச்சடித்தது. அவுஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ அச்சடித்த திருகுத் தண்டுகளில் ஊக்கியைப் பூசிக் குழாய்க்குள் செருகியது. உலோகத்தால் செய்ததற்கு இன்னொரு லாபமும் உண்டு. பீங்கான் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உலோகம் கடத்திவிடும். முன்னே சொன்ன சூட்டுக் கணக்கை நினைத்தால் அதன் அருமை தெரியும்.

இவ்வளவு நல்லதென்றால் உலகமெல்லாம் ஏன் மாறவில்லை? மூன்று காரணம் எனக்குத் தெரிகிறது, மூன்றும் ஒரே எடை இல்லை. ஆயிரக்கணக்கான நுண்குழாய்களுக்கும் சரிசமமாகத் திரவத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது இலேசில்லை. பங்கீடு பிழைத்தால் தேன்கூட்டின் நன்மை முழுவதும் போய்விடும். ஆய்வுகூடத்தில் சிறு கலனில் கிடைத்த 95 விழுக்காடு ஆலையில் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான். இரண்டாவது, ஊக்கி செத்தால் மணியை அள்ளி எடுத்துப் புதியதைக் கொட்டலாம், பூசியதைச் சுரண்ட முடியாது, பாளத்தையே மாற்றவேண்டும். மூன்றாவது வெறும் பழக்கம், ஓடிக்கொண்டிருக்கும் ஆலையை யார் நிறுத்துவார்?

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. எதிலீன் ஆலையில் மணிப் படுக்கை இன்னும் நெடுங்காலம் இருக்கும். அங்கே வெள்ளி கலந்த பல்லேடியமும் கவனமான ஐதரசன் அளவும் போதுமான அளவுக்கு வேலை செய்துவிடுகின்றன. விற்றமின், மருந்து, வாசனைப் பக்கத்தில் கலக்கும் உருளைக்கும் ஈயத் தூளுக்கும் நியாயம் குறைந்துகொண்டே வருகிறது. வடிகட்டல் இல்லை, ஈயக் கழிவு இல்லை, நிறுத்தும் இடம் குழாயின் நீளத்தில் எழுதியிருக்கிறது. அங்கே மாறாமல் இருப்பது சோம்பல்.

இதெல்லாம் யாழ்ப்பாணத்துக்கு எதற்கு என்று கேட்பவருக்கு ஒரு பழைய கதை. காபைட்டுக் கல்லுக்குச் சுண்ணாம்பும் கரியும் மின்சார உலையும் வேண்டும். ஐதரசனுக்கு உப்பும் மின்சாரமும் வேண்டும். காங்கேசன்துறையில் 1950இல் எழுந்த சீமெந்து ஆலை தோண்டியது சுண்ணக்கல். ஆனையிறவுக்கு அப்பால், குடாநாட்டின் வாசலில், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பை மின்பகுத்து எரிசோடாவும் குளோரினும் செய்தது. உப்புக் கரைசலை மின்பகுக்கும் எவரும் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் ஐதரசனைப் பெறுவார்: ஒரு தொன் குளோரினுக்கு 28 கிலோ. அற்கைனுக்கான சுண்ணாம்பும் அதற்கு ஊட்ட ஐதரசனும் ஐம்பது கட்டைக்குள் இருந்திருக்கின்றன. குறையாக இருந்தது கரியும் மின்சாரமும்தான். ஒரு தொன் காபைட்டுக்கு மட்டும் சுமார் 3,000 அலகு மின்சாரம் வேண்டும். சீமெந்து ஆலை 1990இல் நின்றது. பரந்தனும் போரில் சிதைந்தது. இன்று அந்தப் பெயரில் இயங்கும் அரச நிறுவனம் குடிநீருக்கான குளோரினை வெளியிலிருந்து இறக்கி விற்கிறது. ஆனையிறவில் உப்பு மட்டும் திரும்ப விளைகிறது. சுண்ணக்கல்லைத் திரும்பத் தோண்டுவதை நான் ஆதரிக்கமாட்டேன். நம் நன்னீரில் பெரும்பகுதி அந்தக் கல்லுக்குள்தான் இருக்கிறது.

அந்த நீரைச் சொன்னதால் கடைசியாக ஒன்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட யூரியாவும் மலக்குழிகளும் சேர்ந்து குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்றை ஏற்றியிருப்பது 1980களிலிருந்தே பதிவாகி வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்; அதைத் தாண்டும் கிணறுகள் நம்மிடம் உண்டு. 1989இல் செருமனியில் வோர்லொப்பும் ரக்கேயும் பல்லேடியத்தோடு செம்பைச் சேர்த்து, ஐதரசன் கொடுத்து, தண்ணீரிலேயே நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கலாம் என்று காட்டினார்கள். அங்கேயும் இதே சிக்கல். சரியான இடத்தில் நிற்காமல் மேலே போனால் நைதரசனுக்குப் பதில் அமோனியா வரும், தண்ணீர் முன்னிலும் கெடும். அதற்கும் தேன்கூட்டையும் நூலிழைப் பாயையும் பல நாடுகளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு ஊக்கியில் படியும் என்பது தெரிந்த தொல்லை, யாழ்ப்பாணத்துத் தண்ணீரில் அது இன்னும் கூடுதல்.

மொறட்டுவையிலும் பேராதனையிலும் இரசாயனப் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளும், திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து இரசாயனவியல் துறையில் இருப்பவர்களும் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது இதை எடுத்துக்கொள்ளவேண்டும். பழைய கார் ஒன்றின் தேன்கூட்டுப் பாளத்தைச் சுத்தமாக்கி, வெட்டிய சிறு துண்டில் செம்பும் பல்லேடியமும் பூசி, சுன்னாகத்துத் தோட்டக் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளித் தொடங்கலாம்.